கல்ச்சரில் வளராத கிருமி, வால்வில் வளரும் நோய்

மாதக்கணக்கில் விட்டு விட்டு லேசான காய்ச்சல். இரவில் வியர்த்துக் கொட்டும், எடை இறங்கிக்கொண்டே போகும். காசநோயா, புற்றுநோயா என்றுதான் பெரும்பாலும் தேடுவார்கள். ஆனால் இதய வால்வில் ஏற்கெனவே பழுது உள்ளவருக்கும், செயற்கை வால்வு பொருத்தியவருக்கும் இப்படிக் காய்ச்சல் வந்தால், வால்வில் கிருமித்தொற்று இருக்குமோ என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

நான் பார்த்த செயற்கை வால்வு நோயாளி ஒருவருக்கு ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எல்லாமே நெகட்டிவ். எக்கோ என்ற இதய ஸ்கேனிலும் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல் நுனிகள் பருத்து, நகங்கள் வளைந்திருந்தன. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஆடு வளர்க்கிறார். ஈனும்போது குட்டியை இழுத்துவிடுவதும் நஞ்சுக்கொடியை எடுத்துப் போடுவதும் வெறுங்கையால்தான். காக்சியெல்லா பர்னெட்டி கிருமிக்கான ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) பரிசோதனையில் விடை கிடைத்தது.

1937-இல் பிரிஸ்பேன் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம் எட்வர்ட் டெரிக் விவரித்த க்யூ காய்ச்சலின் கிருமி இது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்து பெருகுவதால் வழக்கமான கல்ச்சர் பாட்டிலில் வளராது. வால்வில் அது உண்டாக்கும் படிவும் சிறியது, எக்கோவில் எளிதில் தப்பிவிடும். அதனால் ஆடு, மாடுகளோடு பழக்கம் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு, கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பதற்கு முன்பே கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். வழக்கமான கிருமிகளும் அதனால் கல்ச்சரில் மறைந்துபோகும்.

சிகிச்சை நீண்டது. டாக்சிசைக்ளினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்து, சொந்த வால்வு என்றால் குறைந்தது 18 மாதம், செயற்கை வால்வு என்றால் 24 மாதம். செல்லுக்குள் இக்கிருமி குடியிருக்கும் பை அமிலமானது. அங்கே டாக்சிசைக்ளின் தனியாகச் சரிவர வேலை செய்யாது. அந்த அமிலத்தைக் குறைக்கத்தான் இரண்டாவது மாத்திரை. அது விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை அவசியம். காய்ச்சல் சீக்கிரமே நின்றுவிடும், மாத்திரையையும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை. கிருமி அழிந்திருக்காது, வால்வை அரித்துக்கொண்டே இருக்கும்.

நோயுள்ள ஆடு, மாடு ஈனும்போது பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி ஏராளம். காய்ந்து தூசியானாலும் சாகாது, மூச்சில் கொஞ்சம் போனாலே போதும். அவற்றுக்குப் பிரசவம் பார்க்கும்போது கையுறை, முகக்கவசம் போடுங்கள். நஞ்சுக்கொடியை நாய் இழுத்துப் போகாதபடி ஆழமாகப் புதையுங்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள். வால்வு பழுதுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.