பின் சீட்டில் இருந்த லேப்டாப்

நண்பரின் காரில் செங்கல்பட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஓரமாக நின்ற லாரியை நண்பர் கவனிக்கவில்லை. டமால்! சீட் பெல்ட் போட்டிருந்ததால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டில் கிடந்த லேப்டாப் பைக்கு யார் பெல்ட் போட்டார்கள்?

மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். கார் நின்ற பிறகும் பை அதே வேகத்தில் முன்னே பாயும். காரின் மூக்கு அரை மீட்டருக்கு மேல் நசுங்கி, மோதலின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. பைக்கு அந்த அவகாசம் கிடையாது. டேஷ்போர்டில் போய் அடித்து, ஓரிரு சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, தரையில் விழுந்ததற்குச் சமம் இது. திரை தப்பினால் அதிசயம்தான்.

சரி, பணம் யார் தருவது? "வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, கவலைப்படாதே" என்பார் நண்பர். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. அந்த பாலிசியில் இரண்டு பாதிகள். 'ஓன் டேமேஜ்' என்ற பாதி காருக்கும் அதில் பொருத்தப்பட்டவற்றுக்கும்தான். ஸ்டீரியோவுக்குக் கிடைக்கும், லேப்டாப்புக்குக் கிடைக்காது. உடைமைகளுக்கென்று தனியாக ஆட்-ஆன், அதாவது கூடுதல் பாதுகாப்பு, வாங்கியிருந்தால் கொஞ்சம் வரலாம். ஆனால் அதிலும் ரொக்கம், நகை போன்றவற்றைப் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள்.

மற்றப் பாதி 'தர்ட் பார்ட்டி', அதாவது மூன்றாம் நபருக்கானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். தவறு செய்த வண்டிக்காரர் பிறருக்குக் கொடுக்கவேண்டிய நஷ்ட ஈட்டை அவருக்குப் பதிலாகக் கம்பெனி கொடுக்கிறது. அதனால், பொருள் என்ன விலை என்பதற்கு முன்னால், தவறு யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். பின்னால் வந்த வேன் இடித்து லேப்டாப் உடைந்திருந்தால் வழி நேரானது. வேனின் பாலிசியிடம் கேட்கலாம், ஒத்துவராவிட்டால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம் கதையில் தவறு நண்பருடையது. பாலிசிதாரரின் சொந்தப் பொருளுக்கும், அவர் பொறுப்பில் இருக்கும் பொருளுக்கும் இந்தப் பாதி பணம் தராது. பை உங்கள் பொறுப்பில் இருந்ததா, அவர் பொறுப்பில் இருந்ததா என்பதே வாதமாகிவிடும். கூட வந்தவர் 'மூன்றாம் நபர்' தானா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்த நாடு இது.

தொகைக்கும் வரம்பு உண்டு. பிறர் சொத்துச் சேதத்துக்குத் தனியார் காரென்றால் 7.5 லட்சம், இருசக்கர வாகனமென்றால் 1 லட்சம். பிரீமியத்தில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அந்த 7.5 லட்சத்தை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதைவிட மோசமான சிக்கனம் கிடையாது.

கிடைக்கும் தொகையும் புது லேப்டாப்பின் விலையாக இருக்காது. நான்கு வருடம் உழைத்ததென்றால் இன்றைய மதிப்பைத்தான் பார்ப்பார்கள். பில், உடைந்த நிலையில் எடுத்த படம், போலீஸில் புகார் கொடுத்து வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும். இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை அரசின் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டியே பார்த்துவிடலாம்.

லேப்டாப்புக்கென்று நீங்களே தனி பாலிசி எடுத்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை. விபத்துச் சேதம் அதில் அடங்குமென்றால் உங்கள் கம்பெனி கொடுத்துவிடும். ஆனால் கொடுத்த கையோடு, தவறு செய்தவரிடம் கேட்கும் உங்கள் உரிமை அவர்களுக்குப் போய்விடும். லாரி விபத்தில் நூல் பேல்கள் சேதமான சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2010இல் இதை விரிவாக விளக்கினார்கள். எனவே பணம் வாங்கும்போது நீட்டப்படும் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறகொரு நாள் நண்பர் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் போகலாம். அனுப்பியது கம்பெனியாக இருக்கும், பெயர் உங்களுடையதாக இருக்கும்.