'சுகர் ரிவர்ஸ்' பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

சுகரை, அதாவது நீரிழிவை, ரிவர்ஸ் செய்ய முடியுமா என்று கேட்டால், சிலருக்கு முடியும் என்றுதான் சொல்வேன். "அப்போ சுகரை ரிவர்ஸ் செய்வதாக வரும் அந்த விளம்பரம் உண்மைதானே டாக்டர்" என்பார்கள் உடனே. பாதி உண்மை. பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது மீதிப் பாதியை.

கிளினிக்குக்கு வருபவர்கள் இப்போது போனைத் திறந்து விளம்பரத்தையே காட்டுகிறார்கள். தொண்ணூறு நாள் திட்டம், ஒரு டயட் கோச், வாட்ஸ்அப் குரூப், கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார், காலையில் கலக்கிக் குடிக்க ஒரு பவுடர். கீழே இரண்டு லேப் ரிப்போர்ட்: ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்) முன்பு 11, இப்போது 6.2. ரிப்போர்ட் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. புதிதாக சுகர் கண்டுபிடிக்கப்பட்டு 11-ல் இருக்கும் ஒருவர், மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, இனிப்பையும் ஜூஸையும் விட்டு, சோற்றைப் பாதியாக்கினாலே மூன்று மாதத்தில் நன்றாக இறங்கிவிடுவார். இதை எந்த சுகர் டாக்டரும் வாராவாரம் பார்க்கிறார். 6.2 வந்த அன்று அவர் எத்தனை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார் என்பது மட்டும் அந்த விளம்பரத்தில் இருக்காது.

இதற்கு ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு சங்கங்கள் உட்பட நான்கு அமைப்புகள் 2021-ல் கூடி வகுத்தது: சுகருக்கான மருந்து எல்லாவற்றையும் நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் அது 'ரெமிஷன்'. அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஹெச்பிஏ1சி பார்க்க வேண்டும். கண், கிட்னி, பாதம் பரிசோதனைகளும் தொடர வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி டெஸ்டே குழப்பும். இரும்புச்சத்துக் குறைவில் அளவு கூடுதலாகக் காட்டலாம். ரத்த இழப்புக்குப் பிறகு குறைவாகக் காட்டலாம். ஹீமோகுளோபின் பார்க்காமல் ஹெச்பிஏ1சியை மட்டும் வைத்துக் கொண்டாடுவதும் பயப்படுவதும் வீண்.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு, ராய் டெய்லர், மைக் லீன் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடத்திய 'டைரக்ட்'. 2017 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று முதல் ஐந்து மாதம் வரை, ஒரு நாளுக்குச் சுமார் 850 கலோரி, அதுவும் ஷேக், சூப் வடிவில் மட்டும். பிறகு படிப்படியாகச் சாதாரண உணவு. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் ரெமிஷனில் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதம். நடுவில் விட்டுப் போனவர்களையும் தோற்றவர்களாகக் கணக்கில் சேர்த்த பிறகு வந்த எண் அந்த 46. வாட்ஸ்அப் குரூப்பில் பாதியில் விலகியவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

ஆய்வின் உள்ளே இன்னொரு கணக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ரெமிஷன். 10 முதல் 15 கிலோ என்றால் 57. 5 முதல் 10 என்றால் 34. ஐந்துக்கும் கீழே என்றால் வெறும் 7. எடை கூடியவர்களில் ஒருவருக்கும் இல்லை. வேலை செய்தது எடைக் குறைப்பு. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரையும்போது, கல்லீரல் இரவெல்லாம் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுவது குறைகிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஓரளவு மீள்கின்றன. பேலியோவோ, சிறுதானியமோ, வெந்தயத் தண்ணீரோ, எடை இறங்காமல் சுகர் மட்டும் இறங்கியிருந்தால், ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்ததும் சுகர் மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும்.

"நான் ஒல்லிதானே, எனக்கு எதற்கு எடைக் குறைப்பு?" இந்தக் கேள்வி நம் ஊரில் நியாயமானது. டெய்லர் குழுவே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 27-க்குக் கீழே உள்ள 20 பேரிடம் இதைச் சோதித்து 2023-ல் வெளியிட்டது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்ததில் 14 பேருக்கு ரெமிஷன். சிறிய ஆய்வுதான். ஆனால் தொப்பை மட்டும் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு நம்பிக்கை தரும் ஆய்வு. உண்மையிலேயே ஒல்லியாக இருந்து, எடை தானாகவே இறங்கிக்கொண்டிருப்பவர் கதை வேறு. அவருக்கு, உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத டைப் 1 வகையாக இருக்கலாம், கணையத்தில் கல் விழுந்து வந்த சுகராக இருக்கலாம். அவரிடம் இன்சுலினை நிறுத்தச் சொல்லும் கோச் அவர் உயிரோடு விளையாடுகிறார்.

டைரக்ட் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்பதையும் விளம்பரம் சொல்லாது. சுகர் வந்து ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்கள், 65 வயதுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். பதினைந்து வருட சுகரும் இன்சுலினும் உள்ள அப்பாவுக்கு, புதிதாகச் சுகர் வந்த முப்பத்தெட்டு வயது மகனுக்குக் கிடைக்கும் முடிவு வராது. எடை குறைந்தால் அவருக்கும் டோஸ் குறையும். அதுவே நல்ல லாபம். நிலைத்து நிற்பதும் கடினம். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆனது. ஐந்து ஆண்டு தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட குழுவில் 13 சதவீதம் பேர்தான் ரெமிஷனில் மிஞ்சினார்கள்.

எனக்கு உண்மையான பயம் மாத்திரை விஷயத்தில். டைரக்டிலும் முதல் நாளே மாத்திரையை நிறுத்தினார்கள் என்று கோச்கள் வாதிடுவதுண்டு. நிறுத்தினார்கள், ஆனால் நிறுத்தியது டாக்டர். தேவைப்பட்டால் திரும்பத் தொடங்கவும் அவரிடம் திட்டம் இருந்தது. இங்கே இரண்டு விதமாகவும் கெடுகிறது. சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை அப்படியே போடுபவர், லோ சுகர் வந்து, வியர்த்து, தடுமாறி, வண்டியிலிருந்து விழுகிறார். பலருக்கு அந்த மருந்து உள்ளே இருப்பதே தெரியாது, மெட்பார்மினோடு சேர்ந்து ஒரே மாத்திரையில் வருவதால். இன்சுலின் போடுபவருக்கும் இதே ஆபத்து.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் மீட்டர் காட்டிக் கொடுக்காது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. விலை இறங்கிய பிறகு நிறையப் பேர் போடுகிறார்கள். இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல மருந்து. அதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல். மீட்டரில் 170 என்று இருக்கும். வீட்டில் கேஸ் டிரபிள் என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். இந்த மாத்திரை போடுபவருக்கு இப்படி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அவர்களிடம் கேளுங்கள்: சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், ஓராண்டு கழித்து மருந்தே இல்லாமல் 6.5-க்குக் கீழே இருப்பவர்கள் எத்தனை பேர்? என் மாத்திரையைக் குறைப்பது யார், அவர் பதிவு பெற்ற டாக்டரா? நான்காவது மாதம் நான் என்ன சாப்பிடுவேன்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் இன்னொரு டப்பா பவுடர்தான் பதிலாக வரும். 'நிரந்தரமாக குணப்படுத்துகிறோம்' என்று எழுதிக் கொடுத்தால் அந்த நோட்டீஸைப் பத்திரமாக வையுங்கள். நீரிழிவை குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

பவுடர் இல்லாமலும் முயலலாம். நாடு தழுவிய ஐசிஎம்ஆர்–இண்டியாப் நீரிழிவு ஆய்வின்படி இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. குறைக்க நிறைய இடம் இருக்கிறது. நான்கு இட்லிக்கு இரண்டு, கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. மதியம் ஒரு கரண்டி சோறு, தட்டில் பாதி காய், மீனோ பருப்போ. கேழ்வரகுக் களியும் மாவுதான், அளவு தப்பினால் அதுவும் ஏற்றும்.

தொடங்கும் தேதியை முடிவு செய்யும் முன் உங்கள் டாக்டரிடம் போங்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள், எல்லாவற்றையும். ஹெச்பிஏ1சி, ஹீமோகுளோபின், கிட்னிக்கான கிரியாட்டினின், விழித்திரைப் பரிசோதனை இந்த நான்கும் முடியட்டும். கண்ணில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் சுகர் மடமடவென்று இறங்குவதே அதை மோசமாக்கக்கூடும். எந்த மாத்திரை முதல் நாளே நிற்க வேண்டும், எது பாதியாக வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் வீட்டிலேயே சுகர் பாருங்கள். பிரஷர் மாத்திரை போடுபவர் பிரஷரும் பார்க்க வேண்டும். எடை இறங்கும்போது அதுவும் இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றும்.