பால்காரருக்குள் பால் இருக்கிறது, பணத்துக்குள்?

ஸ்பானிய மொழியில் காலணி ‘சப்பாத்தோ’. (இலங்கைத் தமிழர் சொல்லும் சப்பாத்து, இதன் போர்த்துக்கீசிய உறவுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.) அதன் வாலை நறுக்கிவிட்டு ‘ஏரோ’ என்று ஒட்டினால் ‘சப்பத்தேரோ’, காலணி செய்பவர். பால் ‘லெச்சே’, பால்காரர் ‘லெச்சேரோ’. சரி, பணத்துக்கு ‘தினேரோ’ என்று பெயர். அது ‘தின்’ என்பதிலிருந்து வந்ததா? இல்லை, அங்கே ‘ஏரோ’ வெறும் ஒலி, ஒட்டு அல்ல. இந்த வித்தியாசம் ஒரு பிள்ளைக்குப் பிடிபடுகிறதா என்று பார்ப்பதுதான் சொல்லமைப்பு உணர்வைச் சோதிப்பது.

இந்த உணர்வு பள்ளிக்குப் போகும் முன்பே முளைத்துவிடும். ‘உடைந்த’ என்பதற்குச் சரியான ஸ்பானியச் சொல் ‘ரோத்தோ’. சின்னப் பிள்ளைகளோ ‘ரொம்பிதோ’ என்பார்கள். பெரியவர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சாப்பிடு என்னும் ‘கொமேர்’, ‘கொமிதோ’ ஆவதைக் கேட்டுக் கேட்டு, ‘ரொம்பேர்’ என்ற வினைக்கும் அதே வாலைப் பிள்ளையே ஒட்டிவிடுகிறது. எனக்கு இது பிழையாகவே தோன்றுவதில்லை, விதியைத் தானே கண்டுபிடித்ததன் அடையாளம்.

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சிக்கல் வேறு இடத்தில். எழுத்தையும் ஒலியையும் இணைப்பது அதற்குக் கடினம். ஸ்பானிய எழுத்துமுறை சீரானது, உயிரொலிகள் ஐந்தே. அதனால் அந்தப் பிள்ளை பெரும்பாலும் சரியாகவே படித்துவிடும், ஆனால் மிக மெதுவாக. ‘சப்பத்தேரோ’ ஸ்பானியத்தில் எட்டு எழுத்து, அதை ஒவ்வொரு எழுத்தாக எட்டு முறை ஏற வேண்டியிருக்கிறது. அதையே ‘சப்பத்’, ‘ஏரோ’ என்று இரண்டு துண்டாகப் பார்த்தால்?

வேகம் கூடுகிறது. 2008-இல் இத்தாலியில் கிறிஸ்தினா புரானி குழுவினர் பொருளற்ற சொற்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மையான வேரும் ஒட்டும் சேர்த்துக் கட்டியவற்றை டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் மற்றவற்றைவிட விரைவாகப் படித்தார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கோ, பழகிய சொற்களில் இந்த உதவி தேவைப்படவில்லை, முழுச்சொல்லும் ஒரே பார்வையில் வந்துவிடுகிறது. ஸ்பெயினின் ஒவியேதோ பல்கலைக்கழகத்தில் பாஸ் சுவாரெஸ் கோஆயாவும் பெர்னாந்தோ குவேத்தோஸும் ஸ்பானியப் பிள்ளைகளிடம் இதே கேள்வியை ஆராய்ந்தபோதும், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் சொல்லின் துண்டுகளைப் பற்றிக்கொள்வது தெரிந்தது.

ஆனால் வாய்மொழிச் சோதனைகளில் இவர்கள் பல சமயம் குறைவாகவே மதிப்பெண் எடுக்கிறார்கள். அதை வைத்து மொழியறிவே குறைவு என்று முடிவுகட்டுவது அநியாயம். கேட்ட சொல்லை மனதில் நிறுத்தி, வெட்டி, ஒட்ட ஒலி நினைவு வேண்டும். அதுதானே அவர்களின் பலவீனம்? குறைவாகப் படிப்பதால் நீண்ட சொற்களைச் சந்திப்பதும் குறைவு. அதனால்தான் ஆய்வாளர்கள் சம வயதுப் பிள்ளைகளோடு மட்டுமின்றி, அதே அளவு படிக்கத் தெரிந்த இளைய பிள்ளைகளோடும் ஒப்பிடுகிறார்கள்.

எழுதும்போது இந்த உணர்வு இன்னும் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் நாம் பி, வி என்னும் எழுத்துகள் இரண்டும் ஸ்பானியப் பேச்சில் ஒரே ஒலிதான். ‘பாடிக்கொண்டிருந்தாள்’ என்பது ‘கந்தாபா’. அதில் எந்த எழுத்து? காது சொல்லாது. ‘ஆர்’ என்று முடியும் வினைகளுக்கு, இப்படித் தொடர்ந்து நடந்ததைச் சொல்லும் இறந்தகால வால் ‘ஆபா’, அதில் எப்போதும் பி எழுத்துதான் என்று தெரிந்த பிள்ளைக்குக் காதே தேவையில்லை. பசுவைக் குறிக்கும் ‘பாக்கா’வில் வி எழுத்து. அதற்கு அப்படி ஒரு பிடி கிடையாது, மனப்பாடம்தான்.