அழுதிருச்சுன்னு விட்டுறாதீங்க, அந்த ஆறு மணி நேரம்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல உள்ள ஒரு டவுன்லதான் நான் ரொம்ப வருஷம் தாதியா இருந்தேன், எல்லாருக்கும் மிஸ்ஸி. அங்க ஒரு ராத்திரி பிறந்த பையன் அழவே இல்ல, நீலமா தொவண்டு கிடந்தான், மாஸ்க் வச்சு காத்து குடுத்து பத்து நிமிஷத்துக்கு மேல போராடின பிறகுதான் மூச்சு வந்துச்சு, அப்புறம் சிவந்து லேசா ஒரு அழுகை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு டாக்டர் சொன்னதும் பாட்டி வாசல்லயே மறிச்சுக்கிட்டாங்க. "அதான் அழுதிருச்சே மிஸ்ஸி, பச்சப் புள்ளைய ஏன் ஆம்புலன்ஸ்ல போட்டு அலைக்கழிக்கிறீங்க?"

பாட்டிய குத்தம் சொல்ல முடியாது, பாக்க புள்ள நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மூளையோட உயிரணுக்குள்ள, அதான் செல்லுக்குள்ள, நடக்குறது வெளிய தெரியாதே. ஆக்சிஜன் இருந்தா ஒரு குளுக்கோஸ்ல இருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்கும், ஏடிபின்னா அணுவோட கைக்காசுன்னு வச்சுக்குங்க. ஆக்சிஜன் இல்லன்னா அதே குளுக்கோஸுக்கு வெறும் 2தான், கூடவே லாக்டிக் அமிலம் வேற சேரும். பிறந்த குழந்தை மூளையில சர்க்கரை சேமிப்பும் ரொம்பக் கம்மி. அந்தக் காசுல பெரும் பகுதி சோடியத்த வெளிய தள்ளி பொட்டாசியத்த உள்ள இழுக்குற பம்புக்குத்தான் போகுது, காசு தீர்ந்தா பம்பு நின்னு போயி தண்ணி ஏறி அணு வீங்கிரும், நரம்புக்கு நரம்பு சேதி கடத்துற குளுட்டமேட்ங்கிற ரசாயனம் அளவுக்கு மீறி கொட்டி கால்சியம் உள்ள பாஞ்சு அணுவ அரிக்க ஆரம்பிக்கும்.

மூச்சு திரும்பினதும் ஏடிபி கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துரும். இதுதான் ஏமாத்துற நேரம். சுமார் 6 மணி நேரத்துக்கு அப்புறம், மூச்சு நல்லா இருக்கும்போதே, அணுவோட பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியா படுத்துக்கும், சக்தி ரெண்டாவது தடவ விழும், இது ஒரு ரெண்டு மூணு நாள் இழுக்கும். வலிப்பு பெரும்பாலும் இதுலதான் வரும், அதுவும் பெரியவங்க மாதிரி வெட்டி இழுக்காது. கண்ணு ஒரே இடத்துல நிக்கும், சும்மா சும்மா வாய சப்பும், கால் சைக்கிள் மிதிக்கும். "தூக்கத்துல வெளையாடுறான்"னு சிரிச்சவங்கள நானே பாத்திருக்கேன்.

அதனாலதான் அந்த 6 மணி நேரத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில குளிர்விக்கிற சிகிச்சைய ஆரம்பிக்கப் பாப்பாங்க, உடம்பு சூட்ட 33லிருந்து 34 டிகிரி செல்சியஸ்ல 72 மணி நேரம் வச்சா மூளையோட செலவு குறையும். எல்லா புள்ளைக்கும் தேவைப்படாது, டாக்டர்தான் முடிவு பண்ணணும், வீட்ல நீங்களா குளிர வச்சுறாதீங்க, அது உசுருக்கே ஆபத்து. சூடும் ஆகாது, மூச்சுத் திணறின மூளைக்கு காய்ச்சல் இன்னும் கெடுதல். அன்னைக்கு அந்தப் பாட்டி மூணு போர்வை கொண்டு வந்திருந்தாங்க, எடுக்கச் சொன்னதுக்கு என்னைய பாத்த பார்வை இருக்கே! கடைசியில தாத்தாதான் "ஏத்துங்க மிஸ்ஸி"ன்னு சொன்னாரு.

இன்னொண்ணு, கை கால் மட்டும் லேசா நீலமா இருந்தா பிறந்த புதுசுல சாதாரணம், நாக்கும் உதடும் நீலமானாத்தான் ஓடணும்.

கர்ப்பமா இருக்குற புள்ளைங்களுக்கும் சொல்றேன், புள்ள அசையிறத எண்ணச் சொல்லி கிளினிக்ல குடுக்குற கார்டு இருக்குல்ல, 12 மணி நேரத்துல 10 அசைவு, அதுக்குக் கம்மியானா அன்னைக்கே வரணும், மறுநாள் பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல காலையில பேர் கூப்பிடுறதுக்கு, போய்ட்டு வரேன்லாம் வேணாம். செக்கப்புக்கு முந்தின ராத்திரி ஒரே பேனாவுல ஒரு மாசத்தையும் நிரப்பிட்டு வர்றது எங்களுக்கு நல்லாவே தெரியும்மா.