சந்தைக்குப் போய் வந்தால் கொத்தடிமை இல்லையா?

போன வாரம் இன்னொரு கொத்தடிமை வழக்கு, குற்றம் சாட்டப்பட்டவர்களின் விடுதலையில் முடிந்தது. செங்கல் சூளை, நான்கு இருளர் குடும்பங்கள், கோட்டாட்சியரே நேரில் போய் மீட்டு விடுதலைச் சான்று கொடுத்த வழக்கு. ஆறு வருஷம் இழுத்து, ‘சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து’ என்ற வரியில் வந்து நின்றது. பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் அரசு வழக்கறிஞருக்குத் துணையாக நான் உட்கார்ந்திருந்தேன்.

முக்கிய சாட்சியான அந்த அம்மாவிடம் குறுக்கு விசாரணை இப்படித்தான் நடந்தது.

“ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போவியா?”

“போவேன் சார்.”

“சாமான் வாங்கக் காசு யாரு குடுத்தா?”

“ஓனருதான் குடுப்பாரு.”

“கையில போன் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

அவ்வளவுதான், வேறு கேள்வி இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவர் சந்தைக்குப் போன நேரத்தில் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் எங்கே இருந்தார்கள்? சூளையில் இருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு ஆள்தான் வெளியே போகலாம், அதுவும் வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் வண்டியில் போய் அதே வண்டியில் திரும்ப வேண்டும். விசாரணை அதிகாரி இதைக் கேட்கவே இல்லை. குறுக்கு விசாரணைக்குப் பிறகு நம் தரப்பு திரும்பக் கேட்கும் மறுவிசாரணையில் கொண்டுவரப் பார்த்தோம். போலீஸ் வாக்குமூலத்தில் இல்லாததை இப்போது புதிதாகச் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு எழுந்தது, தீர்ப்பிலும் அதுவே வந்துவிட்டது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதில்தான். கொத்தடிமை என்றால் காலில் சங்கிலி இருக்க வேண்டும், கதவில் பூட்டு இருக்க வேண்டும், முதுகில் தழும்பு இருக்க வேண்டும் என்றுதான் படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். “அட்வான்ஸ் வாங்கிட்டு விருப்பப்பட்டுத்தானே வந்தாங்க?” இந்தக் கேள்வியைத் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், காவல் நிலையத்தில் கேட்டிருக்கிறேன், சக வக்கீல்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். ஐயா, 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை எடுத்து ஒரு தடவை படியுங்கள். கடனுக்கு ஈடாக உழைக்கும் ஒருவர் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வாங்கினாலோ, வேறு வேலைக்குப் போக முடியாமல் இருந்தாலோ, நினைத்த இடத்துக்குப் போக முடியாமல் இருந்தாலோ, ஏதாவது ஒன்று இருந்தாலே அது கொத்தடிமை முறைதான். பசியும் வறுமையும் ஒருவரை விரட்டினால் அதுவும் கட்டாயம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. ஆள் கடத்தல் பிரிவைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 370, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 143. ஏமாற்றியோ மிரட்டியோ பணத்தாசை காட்டியோ சுரண்டலுக்காக ஆளைச் சேர்த்திருந்தால், வந்தவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பிடித்து வைத்திருந்தது பூட்டு இல்லை, கடன். அப்புறம், சூளையில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள்.

அந்தக் கடனை மீட்பு நாளில் நான் கண்ணால் பார்த்தேன். மேஸ்திரி கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கம் அறுத்த கல், எதிர்ப்பக்கம் வாரச் செலவுக் காசு. மழையில் சுடாத பச்சைக்கல் கரைந்த வாரம் கல் கணக்கு சுழி, செலவுக் காசு அப்படியே கடனில் ஏறியிருந்தது. சின்னப் பிள்ளையின் காய்ச்சலுக்கு ஊசி போட்ட காசும் அதிலேயே இருந்தது. மூன்று நாள் கழித்து போலீஸ் போனபோது நோட்டு இல்லை. அதைக் கைப்பற்றி, மகஜர் என்னும் கைப்பற்றல் பதிவைப் போட்டிருந்தால் யாருடைய வாய்ச் சாட்சியையும் நம்பிக்கொண்டு நின்றிருக்க வேண்டாம்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஏமி ஃபாரெல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 12 கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் போல) ஆள் கடத்தல் வழக்குகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதே கதைதான். பெரும்பாலான வழக்குகள் பாலியல் சுரண்டல் பற்றியவை, வேலைக்காகக் கடத்துவது போலீஸ் கண்ணில் படுவதே அரிது. வழக்கு மொத்தமும் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தில் தொங்குகிறது, அவர் பேசத் தயங்கினால் வழக்கும் விழுந்துவிடுகிறது. எங்கள் வழக்கில் நான்கு குடும்பங்களில் இரண்டு பிறழ் சாட்சி. அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. மறுவாழ்வுத் தொகையின் பெரும்பகுதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க, ஆறு வருஷத்தில் அவர்கள் மறுபடியும் அதே மேஸ்திரியிடம் கை நீட்ட வேண்டியதாகிவிட்டது.

விசாரணை அதிகாரிகளுக்குச் சொல்கிறேன். நோட்டை முதல் நாளே கைப்பற்றுங்கள். மேஸ்திரியின் போன் அழைப்புப் பட்டியலை வாங்குங்கள், வண்டியைத் தேடுங்கள். புருஷன், பெண்டாட்டி இருவரையும் தனித்தனியாக விசாரியுங்கள், முதலாளியின் ஆளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். ‘போனீர்களா’ என்று கேட்டால் ‘சூளையிலேயே தங்கியது யார்’ என்றும் கேளுங்கள், இது ஒரு வரிதான். மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவையும் போட வேண்டும், விசாரணையும் டிஎஸ்பி மட்டத்தில் நடக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் வைத்து “வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்துட்டு ஆளைக் கூட்டிட்டுப் போங்க” என்று தயவுசெய்து யாரும் பஞ்சாயத்து பேசாதீர்கள். கொத்தடிமைக் கடன் சட்டப்படி அழிந்துபோன கடன். அதை வசூலிப்பதே மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கடன் அப்படிப்பட்டது இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் கொடுத்தவர்தான்.

அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். சூளையிலோ அரிசி ஆலையிலோ மரம் வெட்டும் இடத்திலோ குடும்பத்தோடு தங்கி வேலை செய்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போனீர்களா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, கணக்கு யாரிடம் இருக்கிறது, இந்த மூன்று கேள்வி போதும். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள். பிள்ளைகள் இருந்தால் 1098, இலவச சட்ட உதவிக்கு 15100. நீங்களாகப் போய் முதலாளியிடம் சண்டை போடாதீர்கள், மறுநாள் காலை அந்தக் குடும்பத்தை வேறு சூளைக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

மேல்முறையீட்டுக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். அந்த அம்மாவிடம் தீர்ப்பைச் சொன்னபோது ஒன்றுதான் கேட்டார்: “நான் சந்தைக்குப் போனதைச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”