முதல் சாண்டர் வாங்கப் போகிறீர்களா? பெல்ட் சாண்டர் வேண்டாம்

சாண்டர் என்பது மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் மின்கருவி. அலமாரி, மேசை செய்யக் கற்றுக்கொள்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "பெல்ட் சாண்டர் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமாமே?" முடியும். பலகையும் சேர்ந்து முடிந்துவிடும்.

கதவில் பழைய பெயிண்டைச் சுரண்டவும், ஒட்டிச் சேர்த்த கனத்த பலகையின் மேடு பள்ளத்தைச் சமன் செய்யவும், உப்புத்தாள் பட்டை சுற்றி ஓடும் பெல்ட் சாண்டர் நல்ல கருவிதான். ஆனால் அலமாரிக்கு நாம் எடுப்பது பெரும்பாலும் வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டிய பிளைவுட். அந்த மேல் வெனீர் பல சமயம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கை ஒரு நொடி நின்றால் போதும், அடியடுக்கில் குறுக்காக ஓடும் மர ரேகை பல்லிளிக்கும். அப்புறம் அந்தப் பலகையை உள்தட்டுக்குத்தான் போட வேண்டும்.

முதலில் வாங்க வேண்டியது 5 அங்குல ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர். இதன் வட்டத் தட்டு சுழன்றுகொண்டே சிறு வட்டமாக ஆட்டமும் போடுவதால், கீறல்கள் ஒரே தடத்தில் விழாமல் கலைந்துவிடும். ரேகையின் திசைக்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முழு உப்புத்தாளில் கால் பங்கை வெட்டி மாட்டும் சதுர சாண்டர் மூலைகளுக்கு உதவும், ஆனால் மெதுவானது. அதை இரண்டாவதாக வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டத்தின் அளவு 2.5 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் முடிப்பு நன்றாக வரும். 5 மி.மீ. வேகமாக அரைக்கும், கீறலும் பெரிதாக விழும். ஓடவிட்டுத் தூக்கிப் பாருங்கள்: காற்றில் தட்டு வெறிபிடித்துச் சுற்றினால், மரத்தில் வைக்கும் கணத்தில் பிறை வடிவில் வெட்டிவிடும்.

எந்த சாண்டரானாலும் அழுத்தாதீர்கள். தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு நிதானமாகச் சுற்றி வந்தால் சரி. நின்றுவிட்டால் நீங்கள் அழுத்துகிறீர்கள். சுழற்சி போய் வெறும் ஆட்டம்தான் மிஞ்சும். பன்றிவால் போன்ற சுருள் கீறல்கள் அப்போதுதான் விழும், தாளில் ஒரு மணல் துணுக்கு சிக்கினாலும் விழும். வெறும் மரத்தில் அவை கண்ணில் படாது, ஸ்டெயின் என்ற மரச்சாயம் அடித்ததும் வரிசையாக எழுந்து நிற்கும். அதனால் பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பார்த்துவிட்டே அடுத்த உப்புத்தாளுக்குப் போங்கள். தாளின் எண் கூடக்கூட மணல் நைசாகும்; 120, 150, 180 என்று படிப்படியாகத்தான். ஸ்டெயின் அடிப்பதானால் 180-இலேயே நிறுத்தலாம்.

தூசியைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கும் சைனஸும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படும் இடங்கள். சாண்டரோடு வரும் சின்னப் பை பருந்தூசியை மட்டுமே பிடிக்கும். நுரையீரலுக்குள் போகும் மென்தூசி வேலையை நிறுத்திய பிறகும் அறையில் மிதந்துகொண்டிருக்கும். எனவே வேக்யூம் குழாய் மாட்டும் வாய் இல்லாத சாண்டரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எடுக்காதீர்கள். வேக்யூம் இருந்தாலும் என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கைக்குட்டை கட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

பழைய பாலிஷைத் தேய்த்தெடுத்த நாளில் சாண்டரின் தூசிப் பையை அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டாதீர்கள். எண்ணெய்ப் பூச்சு கலந்த தூசி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அன்றே வெளியில் கொண்டுபோய், மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டிவிடுங்கள்.