கொறடா: ஆளையும் தாளையும் குறிக்கும் ஒரு சவுக்கு

இடைத்தேர்தலில் தோற்ற ஆளுங்கட்சிக்குள் புகைச்சல் கிளம்பினால், செய்திகளில் அடுத்து வருவது கொறடா பேச்சுதான். கொறடா உத்தரவு போட்டார், கொறடா உத்தரவை மீறினார், கொறடாவே பதவி விலகினார். தமிழில் இதை, கட்சி உறுப்பினர்களைத் திரட்டிக் கட்சி சொன்னபடி அவையில் வாக்களிக்கவைக்கும் ஒரு பதவியின் பெயராகத்தான் பெரும்பாலும் தெரிந்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு நேரான 'விப்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. அந்த மூன்றையும் ஒரே கதையில் பார்க்கவேண்டுமென்றால் 2019 முதல் 2022 வரை பிரிட்டனில் ஆளுங்கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி பட்ட பாட்டைப் பார்க்கலாம்.

முதலில் சொல் பிறந்த இடம். இங்கிலாந்தில் நரி வேட்டைக்குப் போகிறவர்கள் நாய்க் கூட்டத்தோடு போவார்கள். கூட்டத்தை விட்டு விலகி வேறு வாசனை பிடித்து ஓடும் நாயைச் சவுக்கோடு போய்த் திருப்பிக்கொண்டு வர ஓர் உதவியாள் உண்டு. அவனுக்கு 'விப்பர்-இன்' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் இந்த வேட்டைப் பேச்சு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அமைச்சர்கள் தங்கள் ஆட்களை ஊர் ஊராகத் தேடி ஓட்டி வந்ததை எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் 1769-இல் அவையில் இப்படித்தான் வர்ணித்தார். ஆக, உறுப்பினர்கள் வேட்டை நாய்கள், கட்சிக்காரர் ஒருவர் சவுக்குக்காரர். மரியாதையான உவமை இல்லைதான். ஆனாலும் யாரும் மாற்றவில்லை.

தமிழ்க் கொறடாவும் சவுக்குதான். குறடு என்கிற இடுக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தியில் கோடா, மராத்தியில் கோரடா, தெலுங்கில் கொரடா எல்லாம் சவுக்கையே குறிக்கும். அந்த வழியாகத் தமிழுக்கு வந்த சொல் இது. வல்லின 'ற' நம் கைச்சரக்கு. இதில் ஒரு வேடிக்கை: கொரடா இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கும் தெலுங்கில் அரசியல் பதவிக்கு 'விப்' என்றே சொல்கிறார்கள். நாம் சவுக்கைச் சாட்டை என்போம், ஆனால் பதவிக்கு மட்டும் கொறடா.

அப்படியானால் தூய தமிழில் மாற்றிவிடலாமா? அங்கே போனாலும் சிக்கல்தான். சவுக்கு பாரசீகத்துச் சாபுக். கசை வடமொழி. முல்லைப்பாட்டில் யவனக் காவலர் இடுப்பில் சுற்றியிருக்கும் மத்திகை, கிரேக்கச் சொல்லான மாஸ்டிக்ஸ் என்று பலர் சொல்வார்கள். மிஞ்சுவது சாட்டை. 'அரசு தலைமைச் சாட்டை' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். மற்ற மொழிகள் சவுக்கையே விட்டுவிட்டன. இந்தியில் சசேதக், அதாவது உஷார்ப்படுத்துகிறவர். சிங்களத்தில் சங்விதாயக, ஒழுங்கமைப்பாளர். இலங்கைத் தமிழில் ஆளுங்கட்சியின் பிரதம கொறடா, தமிழ்நாட்டில் அரசு தலைமைக் கொறடா. அடைமொழி வேறு, சவுக்கு ஒன்று. என்னைக் கேட்டால் ஆளைக் குறிக்கக் கொறடா இருக்கட்டும். வந்த ஊரை மறந்து தமிழாகிப்போன சொல் அது.

குழப்பம் மற்ற இரண்டு பொருளில்தான். இரண்டாவது பொருள், ஒரு தாள். அந்த வாரம் அவையில் வரப்போகும் அலுவல்களைக் கொறடா அலுவலகம் பட்டியலிட்டு உறுப்பினர்களுக்கு அனுப்பும். அந்தத் தாளுக்கும் 'விப்' என்றே பெயர். முக்கியத்துவத்தைக் காட்ட ஒவ்வோர் அலுவலுக்கும் அடிக்கோடு போடுவார்கள். ஒரு கோடு என்றால் வழக்கமான அலுவல், இரண்டு கோடு என்றால் வரவேண்டும், மூன்று கோடு என்றால் வந்தே ஆகவேண்டும், கட்சி சொன்னபடி வாக்களித்தே ஆகவேண்டும். இதை 'மூன்று வரிக் கொறடா' என்று எழுதினால் மூன்றே வரியில் எழுதிய உத்தரவு என்று படும். 'முக்கோட்டு உத்தரவு' என்பதே சரி.

2021 நவம்பர் 3 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் அரசு அப்படி ஒரு முக்கோட்டு உத்தரவு போட்டது. ஓவன் பேட்டர்சன் என்ற ஆளுங்கட்சி உறுப்பினர் காசு வாங்கிக்கொண்டு நிறுவனங்களுக்காக அரசில் பரிந்து பேசினார் என்று கண்டறிந்த நெறிமுறைக் குழு, அவரை 30 நாள் இடைநீக்கம் செய்யப் பரிந்துரைத்திருந்தது. அதைத் தள்ளிப்போட்டு விதிமுறைகளையே மறுபரிசீலனை செய்யலாம் என்ற திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களிக்கச் சொன்னார்கள். 250-க்கு 232 என்று நிறைவேறியது. மறுநாளே எதிர்ப்பு தாங்காமல் அரசு பின்வாங்கியது, பேட்டர்சனும் விலகினார். நேற்று முகம் சுளித்துக்கொண்டு வாக்களித்தவர்கள் கதி? கெட்ட பெயர் அவர்களுக்கு, லாபம் யாருக்கும் இல்லை. டிசம்பர் 16-இல் அவருடைய வட ஷ்ராப்ஷர் தொகுதிக்கு இடைத்தேர்தல். 2019-இல் 22,949 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த இடம், 5,925 வாக்கு வித்தியாசத்தில் லிபரல் டெமாக்ரட் கட்சிக்குப் போனது. கொறடா அவைக்குள் ஆளைத் திரட்டலாம், தொகுதியில் அவருக்கு வேலையில்லை.

அப்புறம் சரிவுதான். ஊரடங்குக் காலத்துப் பிரதமர் அலுவலக விருந்துகள் வெளிவந்தன. 2022 ஜூன் 6-இல் ஜான்சன் மீது கட்சிக்குள் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 211, எதிர்ப்பு 148. இது ரகசிய வாக்கெடுப்பு என்பதைக் கவனிக்கவேண்டும். யார் எப்படிப் போட்டார் என்று கொறடாவால் பார்க்க முடியாத பெட்டி அது. ஜூன் 23-இல் வேக்ஃபீல்ட், டிவர்டன்-ஹானிடன் என்று ஒரே நாளில் இரண்டு இடைத்தேர்தல், இரண்டிலும் தோல்வி. டிவர்டனில் கைவிட்டுப் போன முந்தைய வித்தியாசம் 24,000-க்கு மேல். மறுநாள் அதிகாலையிலேயே கட்சித் தலைமைப் பொறுப்பாளர் ஆலிவர் டவுடன் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். சரியாக ஒரு வாரத்தில் ஜூன் 30, தவறான நடத்தைப் புகாரில் துணைத் தலைமைக் கொறடா கிறிஸ் பின்சர் விலகினார். அவர் மீது முன்பே புகார் இருந்தது பிரதமருக்குத் தெரியும் என்பது வெளியே வந்ததும் அமைச்சர்கள் கொத்தாகக் கழன்றார்கள். ஜூலை 7-இல் ஜான்சனும் விலகலை அறிவித்தார்.

அடுத்து வந்த லிஸ் ட்ரஸ் காலத்தில் கொறடா அலுவலகமே ஆடிப்போனது. 2022 அக்டோபர் 19 இரவு, பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பது பற்றி எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானம். இது அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு, முக்கோட்டு உத்தரவு என்று காலையில் கட்சிக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். விவாதம் முடியும் நேரத்தில் அமைச்சர் எழுந்து இது நம்பிக்கை வாக்கெடுப்பு இல்லை என்றார். எதற்காக அடங்கி வாக்களிக்கிறோம் என்று யாருக்கும் புரியவில்லை. வாக்களிக்கும் கூடத்தில் ஒரே கூச்சல். தலைமைக் கொறடா வெண்டி மார்ட்டன் விலகிவிட்டார் என்று செய்தி பரவ, இருக்கிறாரா இல்லையா என்று மணிக்கணக்கில் யாராலும் சொல்ல முடியவில்லை. 319-க்கு 230 என்று அரசு ஜெயித்தது என்னவோ உண்மை. மறுநாள் ட்ரஸ் விலகினார்.

கொறடாவின் நிஜமான வேலை எது என்று இதில் தெரிகிறது. சவுக்கு என்பது பெயருக்கு. எண்ணிக்கை எடுப்பதும், யார் முணுமுணுக்கிறார், யாருக்கு என்ன குறை என்று கேட்டுத் தலைவர் காதில் போடுவதும்தான் நாள் முழுக்க நடப்பது. அது தடுமாறினால் தலைவருக்குத் தன் பலமே தெரியாமல் போகும். (கொறடாக்களில் ஒருவருக்கு விசித்திரமான கூடுதல் வேலையும் உண்டு. மன்னர் நாடாளுமன்றத்தைத் திறக்கப் போகும்போது, அவர் பத்திரமாகத் திரும்பும்வரை இவரை அரண்மனையில் சம்பிரதாயப் பிணையாக வைத்திருப்பார்கள்.)

இந்தியாவில் இந்தச் சவுக்குக்குச் சட்ட பலம் வந்தது 1985-இல், கட்சித் தாவல் தடைச் சட்டத்தோடு. ஆனால் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில் 'விப்' என்ற சொல்லே இல்லை. கட்சி கொடுக்கும் 'கட்டளை' என்றுதான் இருக்கிறது. மீறினால் பதவியே போகலாம். 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதியிழந்ததே அரசு தலைமைக் கொறடா பேரவைத் தலைவரிடம் கொடுத்த புகாரின் பேரில்தான். தமிழ்நாட்டு வீடுகளில் கொறடா என்ற சொல் சரளமாகப் புழங்கியது அந்த வருஷம்.

பிரிட்டனில் அப்படியில்லை. மூன்றாவது பொருள் அங்கேதான் வருகிறது: கட்சியின் நாடாளுமன்ற அணியில் உறுப்பினராக இருப்பது. கட்சி ஒருவரிடமிருந்து 'விப்பைப் பறித்தது' என்றால் அவருக்கு இனிக் கட்சித் தாள் வராது, கட்சிக்காரராக அவையில் உட்கார முடியாது. தொகுதி அவரிடமே இருக்கும். 2019 செப்டம்பரில் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகும் விஷயத்தில் எதிர்த்து வாக்களித்த 21 பேரை ஜான்சன் இப்படி வெளியே தள்ளினார். அதில் முன்னாள் நிதியமைச்சர்கள் கென்னத் கிளார்க்கும் ஃபிலிப் ஹேமண்டும் இருந்தார்கள், சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸும் இருந்தார். இதை மொழிபெயர்க்கும்போது 'கொறடா பதவி பறிப்பு' என்று எழுதினால் அந்த 21 பேரும் கொறடாக்களாக இருந்தார்கள் என்று ஆகிவிடும். 'நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கம்' என்பதே பொருத்தம். அடுத்த மாதமே அவர்களில் 10 பேரை ஜான்சன் திரும்பச் சேர்த்துக்கொண்டார், சோம்ஸ் உட்பட.